மாடி அறையில் இருக்கும் தம்பி

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. விருதுநகர் பக்கம் சின்ன ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். என் தம்பியைப் பற்றி உங்களிடம் கேட்கவேண்டும். வயது 29. மெக்கானிக்கல் முடித்து ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்தான். போன தீபாவளிக்கு லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. எட்டு மாதமாக மாடி அறையிலேயே கிடக்கிறான். ஒழுங்காகக் குளிப்பதில்லை, சாப்பிடுவதில்லை. ராத்திரியெல்லாம் போனைப் பார்க்கிறான். வேலையில் பிரச்சினையா, காதல் தோல்வியா என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்பான். அப்பா திமிர் என்கிறார். அம்மா பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், ஒரு கால்கட்டு போட்டால் பொறுப்பு வந்துவிடும் என்று. ஒரு இடம் ஏறக்குறைய முடிந்த மாதிரி. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

நாங்கள் சின்ன வயதில் படாத கஷ்டமா? கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தில் இந்த டிப்ரஷன் எல்லாம் இருந்ததா? இது மேற்கத்திய வாழ்க்கைமுறையால் வருவது என்று ஒரு பேச்சாளர் சொன்னார். அர்ஜுனனுக்கு வந்ததும் இதுதான், கீதை படித்தால் தெளிவு வரும் என்றார். தம்பி முன்பு நிறையப் படிப்பான். கிரிக்கெட் பைத்தியம் வேறு. இந்த வருடம் ஐபிஎல் கூடப் பார்க்கவில்லை. போன வாரம், உயிராக வைத்திருந்த புல்லட்டை எதிர்வீட்டுப் பையனிடம் 'நீ வச்சுக்கோ' என்று கொடுத்துவிட்டான் என்றால் பாருங்கள், அவ்வளவு பொறுப்பில்லாத்தனம்!

அவனுக்குக் கொடுக்க நல்ல தன்னம்பிக்கை நூல்கள் ஐந்தாறு பரிந்துரைக்க முடியுமா?

அன்புடன்
எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். தளத்தில் பதில் போட்டு, நீங்கள் அதை எப்போது பார்ப்பீர்கள் என்று காத்திருக்கிற விஷயமில்லை அது. மற்றவர்களுக்காக இங்கே மறுபடியும் சொல்கிறேன். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் முக்கியமான வரி கடைசியில், போகிறபோக்கில்தான் வருகிறது.

உங்கள் கடிதத்தில் அது புல்லட். ஒருவன் உயிராக வைத்திருந்த பொருளைக் காரணமில்லாமல் தூக்கிக் கொடுக்கிறான். நீங்கள் அதற்கு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் வயிற்றைப் பிசைந்தது. தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் தங்கள் பொருட்களை இப்படிப் பிரித்துக் கொடுப்பதுண்டு. மனநல மருத்துவர்கள் குடும்பத்தாரைக் கவனிக்கச் சொல்லும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் அன்றைக்கே மாடிக்குப் போய், சுற்றிவளைக்காமல் 'செத்துப்போகலாம்னு தோணுதாடா?' என்று கேட்கச் சொன்னேன். 'அப்படிக் கேட்டால் நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?' என்று பதில் போட்டீர்கள். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது ஆராய்ந்து பார்த்துச் சொல்லப்பட்ட விஷயம். பலருக்கு, ஒரு ஆளாவது கேட்டாரே என்று கொஞ்சம் மூச்சு வரும்.

நீங்கள் கேட்டீர்கள். 'அப்படியெல்லாம் இல்ல. ஆனா இருந்து என்ன பண்ணப்போறேன்' என்றானாம். அந்த ஒரு வாக்கியம் போதும், மருத்துவரிடம் போவதற்கு. அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், 2022 முதல் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். சென்னையில் சிநேகா 1986 முதல் இதே வேலையைச் செய்துவருகிறது: 044-24640050. அப்புறம், வீட்டிலோ கடையிலோ பூச்சிமருந்து, எலிமருந்து எது இருந்தாலும் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். 'சாகணும்னு நினைச்சவன் எப்படியும் செய்வான்' என்று ஒரு பேச்சு உண்டு. சுத்த அபத்தம். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். 1995ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த 20 ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்த 20 ஆண்டுகளில் போர் நடந்தது, சுனாமி வந்தது. ஜனங்களின் துயரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை, கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லை, அவ்வளவுதான். நம்மூரிலும் காட்டுமன்னார்கோயில் பக்கம் சில கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொதுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிப் பார்த்தார்கள். பலன் இருந்தது.

சரி, மற்றவற்றுக்கு வருகிறேன்.

அர்ஜுனனை விட்டுவிடுங்கள். அவனுக்கு எதிரே ஒரு படை நின்றது. கலங்குவதற்குக் காரணம் இருந்தது. பதினெட்டு அத்தியாயம் நின்று கேட்பதற்குத் தெம்பும் இருந்தது. உங்கள் தம்பிக்கு மூன்றுமே இல்லை.

போன் விஷயமும் அப்படித்தான். ராத்திரி தூக்கம் வராதவன் கையில் இன்றைக்குப் போன் இருக்கும். முன்பு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

தன்னம்பிக்கை நூல்கள்! நிறையப் படித்துக்கொண்டிருந்தவன் இப்போது படிப்பதில்லை என்று நீங்களே எழுதிவிட்டு, ஐந்தாறு நூல் கேட்கிறீர்கள். ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகிறது, அவனால் படிக்க முடியவில்லை. கவனம் நிற்காமல் போவது இந்த நோயின் கூறுகளில் ஒன்று. முடிந்து அவன் படித்தாலும், அந்தப் புத்தகங்களில் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து கோடீஸ்வரனான ஆசாமிகள் வரிசையாக வந்து 'நீ ஏண்டா இப்படி?' என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதைத்தான் உங்கள் அப்பா தினமும் இலவசமாகவே செய்துகொண்டிருக்கிறாரே.

திமிர் பிடித்தவனும் சோம்பேறியும் ஐபிஎல் பார்ப்பார்கள், எம். அங்கேதான் வித்தியாசம். சோம்பேறி வேலைக்குப் போகமாட்டான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு முதல் ஆளாக வந்து உட்காருவான். உங்கள் தம்பிக்கு எது பிடிக்குமோ அதுவே பிடிக்காமல் போயிருக்கிறது. மருத்துவர்கள் மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளை வைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டு தலையாயவை: ஓயாத துக்கம் ஒன்று, எதிலும் நாட்டமோ இன்பமோ இல்லாமல் போவது இன்னொன்று. இவற்றில் ஒன்றாவது இருந்து, தூக்கம், பசி, தெம்பு, கவனம், குற்றவுணர்வு, மந்தமான அசைவு, சாவைப் பற்றிய நினைப்பு என்று எல்லாமாகச் சேர்ந்து ஐந்தாவது இரண்டு வாரம் நீடித்து, அன்றாடத்தையும் முடக்கிப்போட்டால், பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். நீங்கள் எட்டு மாதம் என்கிறீர்கள்.

'கூட்டுக் குடும்பத்தில் இதெல்லாம் இருந்ததா?' என்று கேட்டீர்களே, உண்மையைச் சொன்னால் அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன தை மாதம் என் சித்தி தவறிப்போனார். அதிலிருந்து இதையேதான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. ஆச்சி, தாத்தா, பெரியப்பா, எங்கள் அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள், குழந்தை குட்டிகள் என்று ஒரே அடுப்பு. நீங்கள் ஏங்குகிற அதே கூட்டுக் குடும்பம். சித்தப்பா கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். வெற்றிலை போடுவதில் அவரைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. இலையை வேட்டி நுனியில் இரண்டு பக்கமும் துடைப்பார். காம்பைக் கிள்ளி, பின்பக்க நரம்பை நகத்தால் நூல்போல உரித்து எடுப்பார். சுண்ணாம்பை ஆள்காட்டி விரலில் தொட்டு இலை முழுக்கத் தடவாமல் நடுவில் ஒரே இழுப்பு. களிப்பாக்கைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது.

1983 வாக்கில், நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, வெற்றிலைச் செல்லத்தில் இலை காய்ந்து சருகாகிக் கிடந்தது. அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போவதை நிறுத்தியிருந்தார். பிறகு சங்கத்துக்குப் போவதும் நின்றது. பின்கட்டில் நெல்லுக் குதிருக்குப் பக்கத்தில் பாய்போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூப்பிட்டால் பதில் வரக் கொஞ்ச நேரமாகும், எங்கேயோ போய் எடுத்து வருவதுபோல. பேசினால் ஒன்றே ஒன்றுதான். 'கணக்குல தப்பு விட்டுட்டேன். போலீசு வரும். குடும்பத்தையே கெடுத்துட்டேன்.' சங்கத்துச் செயலாளர் நல்ல மனிதர். லெட்ஜரையே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பக்கம் பக்கமாகக் காட்டி, ஒரு பைசா தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் படியிறங்கியதும் சொன்னார்: 'நல்ல மனுசன். அதான் மறைக்காரு.'

இல்லாத குற்றத்தைச் சுமப்பது என்பது இதுதான். தர்க்கத்தால் அதை அசைக்கமுடியாது. லெட்ஜரே வந்தாலும் முடியாது.

வீட்டில் அத்தனை பேர் இருந்தோம். அத்தனை பேரும் பார்த்தார்கள். தாத்தா 'வேலைக்குப் போக வலிக்கி' என்றார். பெரியப்பா வயிற்றில் கோளாறு என்று பேதிக்குக் கொடுத்தார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். ஒரு கோடாங்கி வந்து உடுக்கடித்து, மேற்கேயிருந்து வந்த பெண்ணால் வந்த வினை என்று சொன்னார். எங்கள் வீட்டில் மேற்கேயிருந்து வந்த பெண் ஒருவர்தான். செங்கோட்டைக்காரியான என் சித்தி.

அன்றைக்கு ராத்திரி வாய்க்கால் படித்துறையில் பக்கத்து வீட்டுக்காரி சித்தியிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டாள். சித்தப்பா இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் இதேபோல ஆறு மாதம் கிடந்தவர். தானாகத் தெளிந்து எழுந்தார். திரும்ப வராமலிருக்க ஒரு கால்கட்டு போட்டுவிடலாம் என்று ஆச்சி முடிவுசெய்து, விசாரிக்கமுடியாத தூரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தார். சித்திக்கு அப்போது வயது 19. அவரைக் கட்டிவைத்தது மருந்தாக.

அந்த மருந்து வேலை செய்யவில்லை என்றானதும் குற்றமும் மருந்தின்மேலேயே விழுந்தது.

சித்தப்பாவுக்குச் சம்பளம் நின்றுபோனது. கூட்டுக் குடும்பத்தில் சம்பளம் கொண்டுவராதவனின் பெண்டாட்டிக்கு அடுக்களையில் என்ன இடம் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சாப்பாடு போட்டார்கள். அதை எப்படிப் போட்டார்கள் என்பதுதான் விஷயம். சித்தி பீடி சுற்ற ஆரம்பித்தார். எங்கள் பக்கம் பல வீடுகளில் அதுதான் சோறு, ஆனால் எங்கள் வீட்டில் அது மானக்கேடு. சித்தி தட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காராமல், பின்கட்டில் சித்தப்பாவின் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இலை வெட்டுவார். மூத்த மகளின் படிப்பு அந்த வருடம் எட்டாம் வகுப்போடு நின்றது. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. நோய் வந்தது ஒருவருக்கு. படுத்தது ஒருவர். படிப்பை விட்டவள், பீடி சுற்றியவர் எல்லாம் வேறு வேறு ஆட்கள்.

கடைசியில் சித்தியின் அண்ணன்தான் செங்கோட்டையிலிருந்து வந்து, தாத்தாவோடு சண்டைபோட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இதைச் சித்தி எனக்குப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். டாக்டர் மூன்று கேள்விதான் கேட்டாராம். 'காலைல எத்தனை மணிக்கு முழிக்கிறாரு? காலைல மோசமா இருக்காரா, சாயங்காலமா? பிடிச்ச விஷயம் ஏதாவது விட்டுட்டாரா?' மற்றவர்கள் விழித்தார்கள். சித்திக்கு மூன்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். விடிகாலையில் முகத்தைப் பார்க்க முடியவில்லை, விளக்கு வைக்கிற நேரத்தில் கொஞ்சம் தேவலை. வெற்றிலை போடுவதில்லை.

கொடுத்தது இமிப்ரமைன். ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் 1957ல் உலகத்துக்குச் சொன்ன மருந்து. மனச்சிதைவுக்கு ஆகுமா என்று பார்க்கத் தொடங்கியது, அதற்கு ஆகவில்லை. மனச்சோர்வில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அந்த மாத்திரைக்கு ஒரு தொல்லை உண்டு, வாய் உலர்ந்துபோகும். மூன்று வாரம் கழித்து ஒருநாள் மாலையில் சித்தப்பா 'நாக்கு வறளுது, ஒரு வெத்தலை குடு' என்றார். அது குணமானதன் அடையாளமா, மருந்தின் பக்கவிளைவா என்று இன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சித்தி அழுதார். இலை கொண்டுவந்து கொடுத்தபோது, நரம்பு உரிக்காமல் கொடுத்ததற்காகத் திட்டும் வாங்கினார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். மூன்று மாதத்தில் ஆள் தெளிந்ததும், 'இனி என்னத்துக்கு மாத்திரை, பழகிப்போனா விடமுடியாது' என்று தாத்தா நிறுத்திவிட்டார். அடுத்த ஆடிக்குள் சித்தப்பா மறுபடியும் பாயில். இரண்டாவது தடவை சித்தி யாரையும் கேட்கவில்லை. மாத்திரையை வாங்கி பீடி இலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, டாக்டர் போதும் என்று சொல்லும்வரை தன் கையால் கொடுத்தார். சித்தப்பா சங்கத்தில் வேலைபார்த்து, ஓய்வுபெற்று, பேரன் பேத்தி பார்த்துத்தான் போனார்.

சித்தியின் பதினாறாம் நாள் காரியத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள், 'பொறுமைன்னா அவதான். கால்கட்டு போட்டதாலதான் அந்த மனுசன் பொழச்சான்.' எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அந்த மனிதரைப் பிழைக்கவைத்தது ஒரு டாக்டரும் ஒரு மாத்திரையும். கால்கட்டு ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் ஆயுளைத்தான் வாங்கியது. சித்தி என்னிடம் ஒருமுறை சொன்னது இது: 'அவுக நோயாளின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டுக் கட்டியிருப்பேன். ஒளிச்சிட்டாங்களே.' அந்த மனிதர்மேல் அவருக்குக் கோபமே கிடையாது. ஒளித்தவர்கள்மேல் கடைசிவரை இருந்தது.

இப்போது ஆவணிக்கு வாருங்கள்.

பெண்வீட்டில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டேன். 'கம்பெனி மாறிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கிறோம்' என்றீர்கள். என்ன மனிதர் ஐயா நீங்கள்? கடையில் ஒரு பைப் ஓட்டையாக இருந்தால் வாடிக்கையாளரிடம் மறைத்து விற்பீர்களா? அங்கே பேர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர், இங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கூசாமல் பொய் சொல்கிறீர்கள். எட்டு மாதமாகத் தலைகூட வாராதவனை மணவறையில் உட்காரவைத்து, இருநூறு பேருக்கு முன்னால் சிரிக்கச் சொல்லப்போகிறீர்கள். மனச்சோர்வில் உடல் ஆசையும் வற்றிப்போகும், அதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் அது குறையும். இது எதுவும் தெரியாமல் அந்த அறைக்குள் போகிற பெண் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைப்பாள். அவன் தன்மேல் சுமத்திக்கொள்ள இன்னொரு குற்றம் கிடைக்கும். ஒரு நோயாளி இருந்த அறையில் இரண்டு பேர் ஆவார்கள்.

சரி, அப்படியே ஒரு குழந்தையும் பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'குழந்தை பிறந்தா சரியாயிடும்' என்பதுதானே அடுத்த வைத்தியம். பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு வரும் மனச்சோர்வு பற்றி இந்தியாவில் நடந்த ஆய்வுகளையெல்லாம் 2017ல் தொகுத்துப் பார்த்தார்கள். சுமார் 22 சதவீதம் தாய்மார்களுக்கு அது இருந்தது. அப்போது அவளைப் பார்த்துக்கொள்ளப்போவது யார்? பாலில்லை, பிள்ளையைக் கொஞ்சத் தெரியவில்லை, சோம்பேறி என்று அவளுக்கும் ஒரு பட்டம் கட்டுவீர்கள்.

மனச்சோர்வு வந்தவர்கள் கல்யாணமே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். நன்றாக ஆன பிறகு, அவனே விரும்பி, அந்தப் பெண்ணிடம் அவனே எல்லாவற்றையும் சொல்லி, அவளும் சரி என்றால் நன்றாகவே நடக்கட்டும். நானும் வருகிறேன். வைத்தியமாகப் பெண்ணைக் கொடுப்பதைத்தான் நிறுத்துங்கள் என்கிறேன். பெற்றவர்கள் அறியாமல் செய்கிறார்கள் என்ற சமாதானமும் வேண்டாம். அறியாதவர்கள் ஒளிக்கமாட்டார்கள். ஒளிக்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்றால், அது நோய் என்பதும் அடிமனதில் தெரிந்துதான் இருக்கிறது.

மேற்கத்திய வியாதி என்ற பேச்சாளருக்கு ஒரே ஒரு செய்தி. சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் விடுதி 1794ல் வந்தது. அங்கே ஐடி கம்பெனியும் இல்லை, செல்போனும் இல்லை. பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்குப்படி, இந்தியாவில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வருகிறது. வந்தவர்களில் 10க்கு 8 பேர் சிகிச்சைக்கே போவதில்லை. அந்த எட்டுப் பேரும் ஏதோ ஒரு மாடி அறையிலோ பின்கட்டிலோ கிடக்கிறார்கள்.

செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை. மனநலப் பிரிவில் காட்டுங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். அவற்றில் கோளாறு இருந்தாலும் இதே வேடத்தில் வரும். மாத்திரை கொடுத்தால் முதல் இரண்டு வாரம் குமட்டலும் எரிச்சலும்தான் தெரியும், பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். 'ஒண்ணும் கேக்கல' என்று பலர் நிறுத்துவது அந்த இடைவெளியில்தான். குணமான பிறகும் 9 முதல் 12 மாதம் தொடரவேண்டும். ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மறுபடியும் வரும், அதனால்தான். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக. மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பது கட்டுக்கதை, அதனால் மாத்திரையும் மோசடி என்று உங்களுக்கு யாராவது வாட்ஸப்பில் அனுப்புவார்கள். அந்த விளக்கத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை என்று 2022ல் ஒரு குழு தொகுத்துச் சொன்னது உண்மைதான். சித்தப்பா எழுந்து உட்கார்ந்ததும் உண்மைதான். எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகத் தெரியாமலே பயன்தரும் மருந்துகள் வைத்தியத்தில் நிறைய உண்டு.

மாத்திரை மட்டும்தான் என்றும் இல்லை. கோவாவில் சங்கத் என்ற அமைப்பினர், மனநல மருத்துவர் அல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு கொண்டவர்களோடு ஆறு முதல் எட்டு தடவை உட்கார்ந்து பேசவைத்தார்கள். பேச்சின் சாரம், முன்பு செய்துகொண்டிருந்த சின்னச் சின்னக் காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்யவைப்பது. நல்ல பலன் இருந்தது என்று 2017ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் பம்ப்செட் காற்றை இழுத்துக்கொண்டு நின்றால் நாம் என்ன செய்கிறோம்? மேலே ஒரு குடம் ஊற்றித்தான் ஓட்டுகிறோம். அதுமாதிரிதான். மனது சரியான பிறகு எழுந்திருப்பான் என்று காத்திருக்க முடியாது, ஒரு துளி அசைவு முதலில் வரவேண்டும். ஆனால் அது ஒரு குடம்தான். 'எழுந்து வேலைக்குப் போ' என்பது குடமில்லை. 'கீழே வந்து என்கூட ஒரு டீ குடி' என்பது குடம். அதையும் காலையில் கேட்காதீர்கள், பலருக்குக் காலைதான் நரகம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேளுங்கள். வந்தால் வேலையைப் பற்றிப் பேசாமல் டீயை மட்டும் குடித்துவிட்டு அனுப்புங்கள். வராவிட்டால் டீயை மேலே கொண்டுபோய் நீங்களும் அங்கேயே உட்கார்ந்து குடியுங்கள்.

நூல் பட்டியல் இப்போதைக்கு இல்லை. அவன் தானாகக் கேட்கட்டும், ஒரு பெட்டி நிறைய அனுப்புகிறேன், என் செலவில்.

பெண்வீட்டாருக்கு நீங்களே போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அம்மாவிடம் விட்டால் ஜாதகம் சரியில்லை என்று அதிலும் ஒரு பொய் சேரும். ஆஸ்பத்திரிக்கு அவனைத் தனியாக அனுப்பாதீர்கள், மச்சினனையும் அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள். காத்திருக்கவேண்டியிருக்கும், மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கடையை ஒருநாள் பூட்டினால் குடி முழுகிவிடாது. அப்பா ஏதாவது சொன்னால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.